ஓராண்டுக்கு மட்டும்

ரோலாவில், டைப்பிங் கடையில்
அப்பாவின் பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
சிவனணைந்தபெருமாள்.
திருச்சூர்ப் பையன் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு
"சேச்சி, இதில் குடும்பப் பெயர் எது?" என்றான்.
எல்லாமே அவர்தான் என்றேன்.
அரபியில் அடித்து வந்ததும் அப்பா தாளைத் தூக்கிப் பிடித்தார்:
"நாம இந்தப் பக்கமிருந்து பாத்தா
பெருமாள்லா முன்னால நிக்காரு."

அம்மா இல்லாததற்கு மூன்று முத்திரை.
எனக்குச் சம்பளம் உண்டு என்பதற்கு ஒன்று.
இரண்டு படுக்கையறை உள்ள வாடகை ஒப்பந்தம்.
ஏசி முழங்காலில் ஏறுகிறது என்று
ஹாலில் பாய் விரித்துப் படுப்பவருக்காக
அந்த இரண்டாவது அறை.

பிறகு, நான் சத்தியம் செய்ய வேண்டிய வாசகம்:
என் தந்தை முழுவதும் என்னையே சார்ந்திருக்கிறார்.
ஊரில் அவரைப் பராமரிக்க வேறு எவரும் இல்லை.

அப்பா கண்ணாடி மாட்டினார்.
பென்சில் கேட்டார்.
'முழுவதும்' என்பதன் கீழே ஒரு கோடு இழுத்து
ஓரத்தில் சின்னதாக எழுதினார்: பென்ஷன்?

முப்பத்தொரு வருடம் வணிகவரிச் சோதனைச்சாவடி, புளியரை.
சாரலில் ஊறிய பில்களை
அரிக்கேன் கண்ணாடியில் ஒட்டி உலர்த்திப் படித்தவர்.
ஒருமுறை நல்லமிளகு லாரியில் ஒரு மூட்டை கூடுதல்.
தங்கச்சி கல்யாணத்துக்கு என்று டிரைவர் அழுதானாம்.
"பில்லில இல்லாத மூட்டை லாரியிலயும் இல்ல.
இறக்கு" என்றாராம்.
இதை அவர் சொன்னதில்லை.
அவர் சாவுக்குக் காத்திருக்கும் எதிரிகள் சொன்னது,
கொஞ்சம் மரியாதையோடு.

அண்ணன் சங்கரலிங்கம் கோயம்புத்தூரில்.
மார்ச் பிறந்தால் அவன் குரல் இனிக்கும்.
"அப்பா, அந்த ஆஸ்பத்திரி கார்டு போட்டோ ஒண்ணு."
எண்பது டி. பெற்றோர் மருத்துவச் செலவு.
மூன்று வருடமாய் அவன் கணக்கில்
அப்பாவுக்கு அவன்தான் மாத்திரை வாங்குகிறான்,
கண்புரை எடுக்கிறான்.
ஒரு பைசா வந்ததில்லை.

அந்தத் தாளில் அவர் மகனின் பொறுப்பு.
இந்தத் தாளில் அவருக்கு மகனே இல்லை.
இரண்டையும் சரிபார்க்கத் தெரிந்த ஒரே ஆள்
பர் துபாய் வரிசையில் என் பக்கத்தில்
டோக்கன் நானூற்றுப் பதினாறைத்
தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்:
ஆண் பிள்ளைகள்?

எனக்கு நாக்கு ஒட்டியது.
இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன்.
விரல்களில் லேப் ஸ்பிரிட் வாசனை.
அப்பா லாரியைப் பார்ப்பது போல அந்தத் தாளைப் பார்த்தார்,
டயரிலிருந்து தார்ப்பாய் வரை.
"இந்தப் பேப்பர்ல இல்லை" என்றார்
தெளிவான இங்கிலீஷில்.

முத்திரை விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் பேசவில்லை.
அல் நஹ்தா சிக்னலில்
காய்கறி ஏற்றிய பிக்கப் ஒன்று அருகில் நின்றது.
அதன் மூட்டைகளை எண்ணினார்,
உதடு அசைந்தது எனக்குத் தெரியும்.
இறங்கியதும் தன் பர்ஸிலிருந்து
இரண்டு கடக் சாய்க்குக் கொடுத்தார்.
நான் கொடுக்கப் போனதற்கு
"அதான் முழுவதும்னு எழுதியாச்சே,
இதையாவது விடு."

விசா ஓராண்டுக்கு.
அடுத்த வருடமும் எவரும் இல்லை என்று
புதிதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.

நேற்று மார்ச் இரண்டு. அண்ணன் அழைத்தான்.
அப்பா கார்டை வேட்டியில் துடைத்து
ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார்.
படத்தில் அவர் கட்டைவிரல் விழுந்து
பெயரில் பாதியை மறைத்திருந்தது.
தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பச் சொன்னான்.
மறுபடி எடுத்தார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கை நடுங்காமல்.