சொதியில் உப்பு

இன்று என் பெயர் ஆவுடைச்செல்வி.
தென்காசியில் ஒரு துட்டிக்குப் போய்த் திரும்புகிறேன்,
யாராவது கேட்டால்.
யாரும் கேட்பதில்லை.

வண்ணார்பேட்டை பைபாஸ், மதியம் ஒன்று இருபது.
தொடைக்கடியில் போன்,
அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம்.
தண்ணீர் வர மூன்று நிமிடம் பத்து விநாடி.
"ஒத்தையாவா வந்திருக்கீங்க?
ஃபேமிலி ரூம் மாடில இருக்கு."
வரவேற்பு: ஐந்துக்கு இரண்டு.
கழிப்பறையில் சோப்பு உண்டு, தாழ்ப்பாள் இல்லை.
ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டு
சோப்பைப் படம் எடுத்தேன்.

பிறகு சொதி வந்தது.
தேங்காய்ப்பால் திரியாமல்,
முருங்கைக்காய் பல்லுக்குப் பணிந்து,
இலையோரம் இஞ்சிப் பச்சடி.
என் மறுவீட்டுச் சாப்பாட்டில்கூட
இப்படி அமையவில்லை.
கல்யாணமும் அமையவில்லை, அது வேறு.
இதையெல்லாம் எழுதப் படிவத்தில் இடமில்லை.

கேள்வி பதினேழு:
ஏதேனும் ஒரு குறை சொல்லவும்.
எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று கவனிக்கவும்.

"சொதியில உப்பு ஜாஸ்தி" என்றேன்.
பிகாஷ் என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
முகம் மாறாமல் கிண்ணத்தை எடுத்துப் போனான்.
நாற்பதாவது விநாடியில்
அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு சமையல்காரர்.
தலையில் வலைத்தொப்பி இல்லை. ஒரு மதிப்பெண் குறை.
என் முன்னாலேயே புறங்கையில் ஒரு சொட்டு விட்டு
நக்கிப் பார்த்தார். இன்னொன்று குறை.
"உப்பு சரியாத்தானம்மா இருக்கு."
கோபமில்லை. என் முகத்தைப் பார்த்தார்.
"மேலுக்கு முடியலையா?
காய்ச்ச வாய்க்கு எல்லாம் கரிக்கத்தான் செய்யும்."
போய், ஒரு தம்ளர் மிளகு ரசம் கொண்டுவந்து வைத்தார்,
பில்லில் ஏறாத ரசம்.

மேனேஜர் வந்தார்.
கையைக் கூப்பினார், நாற்பது ரூபாய் கழித்தார்.
ஐந்துக்கு ஐந்து.
திரும்பி, "இசக்கிப்பாண்டி, உள்ள போரும்வே,
பொறவு பேசிக்கிடுதேன்" என்றார்.
அந்தக் குரலுக்குக் கேள்வி எண் கிடையாது.

ஜங்ஷன் பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது
படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
நாக்கில் இன்னும் மிளகு.
பதினேழுக்குக் கீழே ஒரு கட்டம்,
காலியாக விட்டால் சிவந்துவிடும்:
குறைக்குப் பொறுப்பானவர் பெயர்.

இரண்டு முறை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு முறையும் சிவந்தது.

ஆவுடைச்செல்வி என்று அடித்தேன்.

ஏற்றுக்கொண்டது.
முந்நூறு ரூபாய், சாப்பாட்டுக் காசு தனி,
பதினைந்து நாளில் வரும்.