சாவா ஆற்றுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்பு

ஸாக்ரெபில் ஏறும்போதே டிரைவர் சொல்லிவிட்டான்:
வைஃபை எல்லை வரைக்கும்தான்,
அதற்கப்புறம் ஜன்னல்.

யாத்ராங்கா சிரிக்கவில்லை.
மீன் குளிர்கிடங்கில் கணக்கு எழுதுகிறவள்.
டிக்கெட்டின் முதுகில் கோடு கிழித்து
இடப்பக்கம் ரோமிங், வலப்பக்கம் இ-சிம் என்று
பற்று வரவு போட்டாகிவிட்டது.
ரோமிங்: பாலம் தாண்டினால்
வரைபடம் ஒருமுறை திறக்க ஒருவேளைச் சாப்பாடு.
இ-சிம்: ஏழு நாள், ஐந்து ஜிபி,
இரண்டு காப்பியும் ஒரு பன்னும்.
விடை தெரிந்த கணக்குதான்.
இருந்தும் விரல்
‘வாங்கு’வுக்கு மேலே நிற்கிறது,
இஸ்திரிப் பெட்டி சூடா என்று பார்க்கிற விரல்போல.

மூன்றாவது வழிக்கு அவள் கோடு கிழிக்கவில்லை.
சராயெவோவில் இறங்கிக் கடையில் சிம் வாங்கலாம்.
பழையதைக் கழற்ற வேண்டும்.
காதுக் கம்மலின் கம்பி போதும், கழற்ற.
கழற்றியதை எங்கே வைப்பது?
நகத்தளவு அது.
பர்ஸுக்குள் விழுந்தால்
பத்தொன்பது வருடத்து எண்
சில்லறையோடு சில்லறை.

அந்த எண் ராய்முண்டுக்கு மனப்பாடம்.
பிரிந்து பதினான்கு வாரம்.
ஞாயிறு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவான்.
வேறொன்றுமில்லை,
கொதிகலன் ரசீது எந்த டிராயரில்,
கம்பளிக்கு எந்தச் சூட்டில் துவைக்க.
போன வாரம், ‘வினிகர் எங்கே?’
கேட்டபோது பாட்டிலின் மூடி திருகும் சத்தம்
அவளுக்குக் கேட்டது.

இன்று சனி.

மக்காச்சோளம், மக்காச்சோளம்,
தலை கவிழ்ந்த சூரியகாந்தி,
மறுபடி மக்காச்சோளம்.
பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறாள்:
டேட்டா மட்டும். அழைப்பு எண் கிடையாது.
மூன்று முறை படிக்கிறாள்.
எண் இல்லாமல் ஒரு வாரம்.
கதவு இல்லாத வீடு மாதிரி
ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம்,
ஒருத்தரும் தட்ட முடியாது.

வாங்கிவிட்டாள்.

வந்தது ஒரு கியூஆர் கோடு.
ஸ்கேன் செய்யச் சொல்கிறது போன்,
கோடும் அதே போனில்.
கண் தன்னையே எப்படிப் பார்க்கும்?
பக்கத்து இருக்கைப் பையன் ஒக்னியென்
சூரியகாந்தி விதைத் தொலியைக் காகிதத்தில் துப்பிவிட்டு
‘எனக்கு அனுப்புங்க’ என்றான்.
அனுப்பினாள்.
முன்பின் தெரியாத ஒருவனின் திரையில்
அவளுடைய ஒரு வாரம்
கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக விரிந்தது.
பஸ் குலுங்க, இரண்டு கையாலும் அதை
மேளம் ஏந்துகிறவன்போல் பிடித்துக்கொண்டான்.
மூன்றாம் குலுக்கலில் பதிந்தது.

இனி போன் கேட்கிறது:
பழைய இணைப்பை அணைக்கவா?
ஒன்பது மணி. கம்பளி. வினிகர்.
எடுத்தால் நிமிடத்துக்கு ஒரு ரொட்டி விலை.
எடுக்காவிட்டால்
அதற்கு எந்தப் பக்கம் எழுதுவது?

அணைக்கவில்லை. டேட்டாவை மட்டும் அணைத்தாள்.
இரண்டு இணைப்புக்கும் பெயர் இடு என்றது.
புதியதற்கு அதுவே ‘பயணம்’ என்று போட்டிருந்தது,
விட்டுவிட்டாள்.
பழையதற்கு யோசிக்காமல் தட்டினாள்:
வினிகர்.

பாலம்.
சாவா என்று பேர் வைத்த ஆற்றின் நடுவில்
சிக்னல் செத்தது.
அக்கரையிலும் அதே மொழி.
அதே சொல்லால் வணக்கம் சொல்லி
காவலர் கடவுச்சீட்டுகளை வாங்கிப் போனார்.
போனுக்கு மட்டும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை.
புது இணைப்பு எந்த ஊர் வழியாகச் சுற்றி வருகிறதோ,
கிதான்ஸ்கில் மழை என்றது,
போலிஷ் மொழியில் குடை விற்கப் பார்த்தது.
வெளியே பிளம் மரங்கள்மேல் அப்படியொரு வெயில்.

ஒக்னியென் எட்டிப் பார்த்தான்.
‘வேலை செய்யுதா?’
‘செய்யுது’ என்றாள்.
திரையின் மூலையில் இரண்டு வரி:

பயணம், நான்கு கோடு.
வினிகர், தேடுகிறது.