இருபத்தொரு மணி நேரம்

வாரத்துக்கு இருபத்தொரு மணி நேரம்.
சனிக்கிழமை முழுக்க நான்,
ஞாயிறு மத்தியானம் வரை அக்கா,
மிச்சத்தை மருந்துக்கடை ஷிப்டு முடிந்து வந்து
குழல்விளக்கு வெளிச்சத்தில் நான்.
சுல்மா நோட்டில் எழுதுவாள்.
பத்து நிமிடம் தாமதம் என்றால் பத்து நிமிடம் தாமதம்.
அந்த நோட்டில் அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

மான்டிவீடியோவின் வடக்கு ஓரம்,
முன்பு கம்பளி ஆலை இருந்த நிலம்.
முப்பத்திரண்டு குடும்பம், முப்பத்திரண்டு வீடு,
எது யாருக்கென்று எவருக்கும் தெரியாது.
கடைசி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் குலுக்கல்.
முன்பே தெரிந்தால்
அடுத்தவன் சுவரில் சிமெண்ட் குறையுமாம்.
மனுஷரை நம்பாத விதி என்று எனக்குக் கோபம்.
பிறகு என்னையே கொஞ்சநாள் கவனித்தேன்.
கோபம் போய்விட்டது.

அப்போது பழைய நகரத்தில் ஓர் அறையில் இருந்தோம்.
பதினொரு அறைக்கு ஒரு கழிப்பறை,
ஆளுக்கு ஏழு நிமிட வெந்நீர்.
தனி வீடு கேட்டுப் போனால்
ஜாமீனுக்குச் சொத்துள்ள ஆள் வேண்டும் என்றார்கள்.
சொத்துள்ள ஆளைத் தெரிந்திருந்தால்
நான் ஏன் அங்கே நிற்கிறேன்?

செப்டம்பர்தோறும் கதவுக்கடியில் ஒரு சீட்டு நுழையும்:
புதிய வாடகை, பென்சிலில்.
ஏன் பென்சில் என்று கேட்டேன்.
அழித்து ஏற்ற வசதி, என்றார் வீட்டுக்காரர்,
சிரிக்காமல்.

மூன்றாவது தவணை எட்டு மாதம் வரவில்லை.
கோப்பு மேஜை மேஜையாக நடக்கிறது என்றார்கள் அமைச்சகத்தில்.
நடையாய் நடந்தது கோப்பு அல்ல.
கம்பிகள் துருவேறின.
பேனர் தைத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தோம்,
மாத்தே குடுவை கை மாறிக்கொண்டிருந்தது.
உட்கார்ந்த நேரமும் கணக்கில் சேருமா என்றாள் அக்கா.
சுல்மா வெகுநேரம் யோசித்து
நோட்டைத் திறந்தாள்.

பத்தொன்பதாம் வீட்டுச் சமையலறையில்
ஓடு பதித்தேன், ரசமட்டம் வைத்து, மூச்சுப் பிடித்து.
ஜன்னலுக்கு வெளியே ஒரு யூகலிப்டஸ்.
வாரா வாரம் அங்கேயே வேலை கேட்டு வாங்கினேன்.
மேஜை எந்த மூலையில் என்பது வரை
முடிவாகிவிட்டது, எனக்குள்.

நான்காம் வீட்டுக்கு வந்தது
அந்த ஆண்டின் பென்சில் சீட்டு வந்த வாரம்.
கை போன போக்கில் பூசினேன்.
பஸ் ஓட்டுகிற வில்மார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான்.
ஒரு விரற்கடை சாய்வு.
ஒன்றும் பேசாமல் கொத்தி எடுத்தான்.
நாலு மணி நேர உழைப்புடா, என்று கத்தினேன்.
யாராவது இதில் முதுகு சாய்ப்பார்களே, என்றான்.
இரவு பதினொன்று வரை திரும்பப் பூசினோம்.
அந்த இரண்டாவது நாலு மணி நேரம்
நோட்டில் ஏறவில்லை, நானும் கேட்கவில்லை.

குலுக்கல், ரொட்டிக் கூடையில்.
பத்தொன்பது, சுல்மாவுக்கு.
நான்கு, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு குடும்பத்துக்கு.
எனக்கு இருபத்தாறு.
இருபத்தாறில் நான் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.

முதல் ராத்திரி, அக்கா தூங்கிய பிறகு,
வில்மாரிடம் இரவல் வாங்கிய குண்டை
ஒவ்வொரு சுவராகத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
யார் கட்டியது என்று மறுநாள் விசாரித்தேன்.
யாருக்கும் நினைவில்லை.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இது தனி வளை இல்லை.
விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது.
இருக்கலாம். நமக்குப் பிறகு பிள்ளைகள் இருக்கலாம்.
அக்காவுக்கு இன்னும் இதில் திருப்தியில்லை,
கூட்டத்தில் எழுந்து சொல்லவும் சொல்கிறாள்.

செப்டம்பரில்
கதவுக்கடியில் ஒரு சீட்டு நுழைந்தது.
வயிறு கலங்கிப்போனது.
சுல்மாவின் கையெழுத்து, பேனாவில்:
வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு
பத்து நிமிடம் தாமதம்.