பதிமூன்று புள்ளி எட்டு

சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் போதும் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
கேட்பதற்குப் போதும்.
பேச வாயெடுத்தால்
திரை இருமுறை இமைத்து
பெட்டி செத்துவிடும்.
என் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து
ஒருநாளும் மண்டபம் போய்ச் சேர்ந்ததில்லை.

புதுவயல் அரிசி ஆலைகளில்
லாரி எடைமேடை பழுதுபார்ப்பவள் நான்.
முப்பது டன் நெல்லை
மில்லிவோல்ட்டில் பார்த்துப் பழகியவள்.
எனக்கே இப்படி.

எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தேன்.
பேட்டரியின் தலையில் பதிமூன்று புள்ளி எட்டு.
மைக்கை அழுத்தியதும்
ஓட்டையின் அடியில் பதினொன்று.
நடுவில் இரண்டு புள்ளி எட்டு யார் தின்றது?
நூல் கனக் கம்பி கொஞ்சம்,
பச்சை பூத்த இணைப்பு கொஞ்சம்,
கைமாறும் இடமெல்லாம் தரகு.
எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எவரும்
இப்படியொரு பற்றுவரவில்
கையெழுத்துப் போடமாட்டார்கள்.

வாட்டைக் குறைத்து, இருபதில் வைத்து,
அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.
மண்டபத்தில் ஐஸ் பேக்டரி இரவு ஷிப்ட் சவேரியான்
பொறுமையாகக் காதுகொடுப்பார்.
"உங்க குரலுக்குப் பின்னால
ஒரு கொசு பாடுது. ஓவர்."
ஆல்டர்னேட்டரின் முனகல் அது.
கம்பி வழியே ஏறி, என்னோடு சேர்ந்து
கடற்கரைவரை போயிருக்கிறது.

தேவகோட்டை கோர்ட்டில்
கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்த அந்திநேரம்
ரஸ்தா தாண்டியதும் மைக்கை எடுத்தேன்.
ஓரமாய் நிறுத்தியிருக்கிறேன், மழை இல்லை,
இங்கே புழுக்கம் என்றேன்.
அவர் அந்தப் பக்கம் சற்று நேரம் பேசவில்லை.
பிறகு,
"கொசு மேல ஏறுதே உமையாள்.
நிக்கிற வண்டியில கொசு இவ்வளவு மேல போகாது.
காலை எடுங்க. ஓவர்."

காலை எடுத்தேன்.
ஆன்டெனா முனை ஒரு புளியங்கிளையில் உரசி
மெல்ல ஆடி நின்றது.
என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை.
ஐஸ் இன்று நன்றாக உறையவில்லை,
கரண்ட் வந்து வந்து போகிறது என்று
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்
முனகல் தாழும்வரை.

அடுத்த வாரம் கழனிவாசல் ஹக்கீம் பட்டறை.
பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கம்பி,
சுண்டுவிரல் கனம், சிவப்பும் கறுப்பும்.
கிளட்ச் கேபிள் நுழையும் ரப்பர் வளையத்தின் வழியே
உள்ளே இழுத்தான்.
எங்கள் பக்கத்து வீடுகளுக்கு
ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல்.
மின்சாரமும் அப்படியே,
போனது வேறு வாசலால் திரும்பியாக வேண்டும்.

"சிவப்புக்கு பியூஸ் சரிக்கா.
கறுப்புக்கும் எதுக்கு?"

எஞ்சினைப் பேட்டரியோடு கட்டியிருக்கும் பட்டை
என்றைக்காவது கழன்றுவிட்டால்
ஸ்டார்ட்டர் கேட்கும் நூறு ஆம்பியரும்
இந்தச் சின்னக் கம்பியைத் தேடி வரும் ஹக்கீம்.
திரும்பிவரும் வழியும் எரியும்.

அவன் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
இரண்டாவது பியூஸையும் முறுக்கினான்.
காசு வாங்கும்போது
ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டான்.

அன்றிரவு ஐம்பது வாட்.
அழுத்திப் பேசியும் மீட்டர் பதிமூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை.
என் குறியின் கடைசி எழுத்து முழுதாகப் போனது.
"பைவ் நைன்," என்றார் சவேரியான்,
"பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி இருக்கு."
பிறகு அந்தப் பழைய மௌனம்.
"கொசுவைக் கொன்னுட்டீங்க.
இப்ப நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னு
எனக்குத் தெரியாது. ஓவர்."

கண்டனூர் தாண்டிக்கொண்டிருந்தேன்.
இனி அதையும்
நானேதான் சொல்லியாக வேண்டும்.

போயிட்டிருக்கேன்.
நாற்பதுல.
ஓவர்.