நானூற்றுத் தொண்ணூற்றாறு

ஜெபராணியக்கா அந்தியில் மீட்டர் முன் நிற்பாள்,
ஒரு கையில் டார்ச், மறு கையில்
காலண்டரில் கிழித்த நேற்றைய தேதி.
போன ரீடிங்கைக் கழித்து அதன் முதுகில் எழுதி
மாடிப்படி அடியிலிருந்து சத்தம் கொடுப்பாள்:
"நானூத்தித் தொண்ணூத்தாறு ஆயிட்டு தம்பி.
ஆளு வர இன்னும் மூணு நாள் கெடக்கு.
ஐநூறத் தாண்டுச்சுன்னா ரேட்டே வேற, கேட்டியா."

கேட்டேன்.
பணகுடியில் கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர்.
பில்லில் பாதி என்னுடையது.
முதல் நூறு இலவசத்தில் என் பங்கு எத்தனை என்று
வாடகைப் பத்திரத்தில் இல்லை.

வண்டியை விற்ற வள்ளியூர்ப் பையன்
கிலோமீட்டருக்குக் கால் ரூபாய் என்றான்.
மானியம் கேட்டேன்.
போன மாசத்தோட கொறைச்சிட்டாங்கண்ணே என்று
துக்க வீட்டுக் குரலில் சொல்லி
ஒரு ஹெல்மெட் தந்தான்.
தனி இணைப்பு கேட்டு மின்வாரிய ஆபீசுக்கும் போனேன்.
வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.
வீட்டுக்காரர் தோஹாவில்.
ராத்திரிக்கு ஏதும் தனி விலை உண்டா சார்?
"வீட்டுக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணுதான்"
என்றவர்
சொன்னது தனக்கே பிடித்துப்போய்
நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்.

எனக்கு வேலை காற்றாலைத் துணைமின் நிலையத்தில்.
ஆடி மாதம், இரவு ஷிஃப்ட்.
கணவாய்க் காற்று கட்டாத எதையும் விட்டுவைக்காது,
தகரம், லுங்கி, நாய்க்குரைப்பு.
இரண்டு பத்துக்குச் சென்னையிலிருந்து போன்:
"நாப்பது மெஷின நிறுத்துங்க.
இம்புட்டு கரண்ட எடுக்க ஆளில்ல."

நிறுத்தினேன்.
ஒவ்வொன்றாய் இறகை ஒருக்களித்து
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி
கைவிரித்து நின்றன.
பதிவேட்டில் எழுதினேன்:
02.10. காற்று வினாடிக்குப் பதினான்கு மீட்டர்.
காரணம், மேலிட உத்தரவு.
ஓரத்தில் பென்சிலால்:
மெஷினுக்கு மணிக்கு அறுநூறு யூனிட் என்றால்
நாற்பதுக்கு இருபத்துநாலாயிரம்.
என் வண்டி வயிறு நிறைய மூன்று போதும்.
எட்டாயிரம் வண்டி.
ஊர் மொத்தத்தையும் கூட்டினாலும்
எட்டாயிரம் தேறாது, சைக்கிளையும் சேர்த்து.
பிறகு ரப்பரால் அழித்தேன்.
தணிக்கைக்கு வருவார்கள்.

அந்நேரம் என் வண்டி
படிக்கட்டடியில் பதினொரு சதவீதத்தோடு நின்றது.
நான் வேலைக்கு வந்தது மினி பஸ்ஸில்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல்
தோஹாவிலிருந்து செல்வின் அண்ணன் வந்திறங்கினார்.
பதினெட்டில் படுத்துப் பழகிய உடம்பு.
வெளியே சாரல், உள்ளே ஏசி,
போர்வை மட்டும் இரண்டு.
விடியும்போது ஐநூற்று நான்கு.

அக்கா மாடியேறி வந்தாள்.
கையில் என் சார்ஜர் வயர்.
நான் வாடகைக்கு வேறு வீடு தேடும் முகத்தோடு எழுந்தேன்.
"தலைக்கு மேல போயிட்டு தம்பி,
இனி சாணென்ன மொழமென்ன.
போட்டுக்கோ. நெறையப் போட்டுக்கோ."
இரண்டு படி இறங்கியவள் நின்று,
"அவுக இருக்கும்போதே அந்தக் கையெழுத்தையும் வாங்கிரு" என்றாள்.

அன்றிரவு எனக்கு ஆஃப்.
படிக்கட்டடியில் பச்சைப் புள்ளி மினுங்கியது,
அறுபத்திரண்டு சதவீதம்.
ஏசியின் வெளிப்பெட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு உறுமியது.
மொட்டை மாடிக்குப் போனேன்.
நல்ல நிலா. தெற்கே மெஷின்கள் வெள்ளையாய்ச் சுற்றின.
இரண்டு மணி இருக்கும்,
மலையடி வரிசை தளர்ந்து, தளர்ந்து, நின்றது.
மாசானமுத்து ஷிஃப்ட். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பான்.

காற்றுக்கு யாரும் போன் போடவில்லை போல.
கொடியில் காயும் என் சீருடைச் சட்டையின்
இரண்டு கைகளையும்
சுற்றிக்கொண்டே இருந்தது.