பிடித்தம்

தொண்டி பேரூராட்சியில் முப்பத்திரண்டு வருஷம்
தண்ணீர் திறந்துவிட்டவன் நான்.
மேலத்தெருவுக்கு அதிகாலை நாலு மணி,
பள்ளிவாசல் பக்கம் அஞ்சரை,
கடற்கரைக் குடியிருப்புக்கு எப்போது வருமோ அப்போது.
இன்று எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
டாக்டர் அளந்துவிட்டிருக்கிறார்,
மாத்திரைக்கும் கஞ்சிக்கும் சேர்த்து.
செபஸ்தியம்மாள் அதைப் பாட்டிலில் ஊற்றி
பேனாவால் கோடு போடுகிறாள்.

டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை ராமநாதபுரம்.
தேவிபட்டினம் தாண்டினால் தூங்கிவிடுவேன்.
இடது கையில் இரண்டு ரத்தக்குழாயை
ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள்.
காதருகே வைத்தால் உஸ்ஸென்று ஓசை.
வெறுங்குழாயில் தண்ணீருக்கு முன்னால்
காற்று வருமே, அதே ஓசை.

ஜூலையில் காப்பீட்டுக் கம்பெனி மாறியது.
பழைய அட்டை செல்லாது என்றாள் கவுன்ட்டர் பெண்.
புதிய பட்டியலில் பெயரே இல்லை.
"நீங்க கருவூலமா, உள்ளாட்சியா?"
உள்ளாட்சி என்றேன்.
"அதான்" என்றாள்,
அது ஒரு நோயின் பெயர் போல.

பென்ஷன் சீட்டை நீட்டினேன்.
மருத்துவக் காப்பீடு, பிடித்தம்.
போன மாதமும் பிடித்தம்.
பெயர் இல்லாதவனிடம் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று
எனக்கு விளங்கவில்லை, அவளுக்கும்.
நல்ல பெண்தான். பணம் கட்டுங்க,
பிறகு கேட்டு வாங்கிக்கலாம் என்றாள்.
கட்டினோம். அடுத்த முறையும் கட்டினோம்.
மூன்றாவது முறை
செபஸ்தி காதில் ஈர்க்குச்சி.

பேரூராட்சி ஆபீஸில் எனக்கு முன்னால் பூமயில் நிற்கிறாள்.
இருபத்தாறு வருஷம் சாக்கடை அள்ளியவள்,
இப்போது மூச்சிழுப்பு.
அவள் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி
அவள் மகனுடையது.
"நானும் நான் பெத்தவனும்
ஒரே நாள்ல பொறந்துட்டோம் சந்தியாகு" என்கிறாள்.
சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் பாதியில் நிறுத்துகிறாள்.

சிக்கந்தர் உட்கார்ந்த நாற்காலியில் புதுப் பையன்.
பட்டியல் போயிருக்கு என்றான்.
எங்கே?
மேலே.
மேலே என்றால் எனக்குத் தெரிந்தது தொட்டிதான்.

அப்போது வெளியே கூச்சல்.
பஸ் ஸ்டாண்டில் மெயின் லைன் உடைந்து
காவிரித் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிறது.
ஆபரேட்டர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
அடைக்கிற வால்வு அதில் இல்லை.
எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடைப் படிக்குக் கீழே
மூன்றாவது கல்.

சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.
உண்மையாகவே நினைத்தேன்.
செருப்பு நனையும்வரை நின்றேன்.
காலையிலிருந்து நான்கு மிடறுதான் குடித்திருந்தேன்,
என் காலடியில் ஊருக்கே குடிக்கத் தண்ணீர் போகிறது.

பிறகு கல்லைப் புரட்டச் சொன்னேன்.
இடது கையில் பாரம் கூடாது, வலது கையால் திருகினேன்.
பதினொரு சுற்று, பன்னிரண்டில் இறுகும்.
இறுகியது.

பையன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.
"அண்ணே, உங்க பேரை எப்படி எழுதணும்?"
சொன்னேன். பூமயில் தேதியையும் திருத்தச் சொன்னேன்.
திங்கட்கிழமை திரும்ப அனுப்புறேன் என்றான்.
வால்வைத் தொடும் முன்பே இதைக் கேட்டிருக்கலாம்.
கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய். அதே பெண்
எண்ணைத் தட்டுகிறாள்.
திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது.
எண்ணுகிறேன், பழக்கம்.
பன்னிரண்டு தாண்டியும் இறுகவில்லை.
செபஸ்தி பைக்குள் கைவிட்டுப் பணத்தைத் தடவிக்கொள்கிறாள்.
நான் கையைக் காதில் வைத்துக்கொள்கிறேன்.
காற்று வருகிறது.