பொருளாளரின் லீக்ஸ்

நாளைக்குப் போயா.
ஹட்டனில் இறைச்சிக் கடையெல்லாம் பூட்டு.
அதனால் இன்றைக்கே வாங்கிவிட்டேன்
அரைக் கிலோ, எலும்பில்லாமல்.
நிஸ்தார் நானா பேப்பரில் சுற்றி
அதற்குமேல் ஒரு பை, அதற்குமேல் இன்னொன்று;
கேளாமலே புரிந்துகொள்கிற மனுஷன்.
"நாருக்குக் குறுக்கே வெட்டுங்க, மாஸ்டர்" என்றார்.

கொட்டகலைச் சந்தி வரைக்கும் மடியில் இருந்தது,
ஏழாம் தரத்துக் கணக்குக் கொப்பிகளோடு.
இரண்டு பையையும் தாண்டி
வினோதாவின் கொப்பி மூலையில் ஒரு சொட்டு.
பரவாயில்லை.
பின்னத்தில் அவள் விட்ட பிழைகளுக்கு நடுவே
இன்னொரு சிவப்பு.

மருத்துவ மாது அட்டையில் எழுதியிருந்தார்:
இரத்தம் ஒன்பது புள்ளி இரண்டு.
ஈரல், இறைச்சி, கீரை.
கீரையை நீ தின்று தீர்த்துவிட்டாய், ஜெயலதா.
ஈரல் என்ற சொல்லுக்கே உனக்கு வாந்தி.
மிஞ்சியது இது.
வீட்டில் இதுவரை சமைத்ததில்லை நாம்.
தின்றதில்லை என்று நான் சொல்லவில்லை.

கதவைச் சாத்தினேன். ஜன்னலையும்.
சாத்தி என்ன?
லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.
தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் வெளி:
அந்தப் பக்கத்து இருமல் இங்கே வரும்,
இந்தப் பக்கத்துச் சண்டை அங்கே போகும்.
அந்தப் பக்கம் இருப்பது
மாரியம்மன் கோயில் கமிட்டிப் பொருளாளர்
வீரசேகரன்.
அவர் தோட்டத்து லீக்ஸ்தான்
பலகைமேல் கிடக்கிறது, மண்ணோடு.
நேற்றுத்தான் தந்தார்,
"புள்ளத்தாச்சிக்கு நல்லது" என்று.

விரல் நீளத்துக்கு, மெல்லிசாய் வெட்டினேன்.
மிளகு, சோயா சோஸ், ஒரு கரண்டி சோளமா,
நாலு பல் பூண்டு தட்டி.
கரட்டைச் சாய்வாக அரிந்தேன்.
கறிமிளகாய், கோவாவின் உள்குருத்து.
லீக்ஸில் மடிப்புக்குள் மடிப்பாய்
அவருடைய மண்;
மூன்று தண்ணீரில் கழுவினேன்.

தாச்சி புகைகிற வரைக்கும் பொறுக்க வேண்டும்.
பொறுத்தேன்.
முதல் பிடி விழுந்த சத்தத்தில்
வெளியே மழை வாயை மூடிக்கொண்டது.
எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டால்
இறைச்சி தண்ணீர் விட்டுவிடும்,
இரண்டு தரமாய்ப் பிரட்டி எடுத்தேன்.
அதே எண்ணெயில் கரட்டும் கோவாவும், பிறகு கறிமிளகாய்,
கடைசியில் லீக்ஸ்.
பச்சை பளிச்சென்று ஆனதும்
இறைச்சியைத் திரும்பக் கொட்டி
நாலு பிரட்டு. அவ்வளவுதான்.

சுவருக்கு மேலால் ஒரு குரல்:
"மாஸ்டர், என்னா சமையல்?"
நீ என்னைப் பார்த்தாய்.
நான் கூரையைப் பார்த்தேன்.
"சோயா மீட், அண்ணே."
அந்தப் பக்கம் ரேடியோவைக் குறைத்தார்கள்.
கணக்கு வாத்தியார் சொன்ன விடையை
யாரோ அங்கே சரிபார்க்கிறார்கள்.

நீ கட்டிலில் இருந்து தின்றாய்,
முதலில் பயந்து, பிறகு பயமில்லாமல்.
"உப்புக் குறைவு" என்றாய்.
மறுபடி போடச் சொன்னாய்.

கதவு தட்டும் சத்தம்.
பொருளாளரின் மகன் லக்சிதன்,
தலையில் உரச்சாக்கு, கையில் கிண்ணம்.
"எங்க லீக்ஸ் எப்புடின்னு
அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."
கரண்டியால் ஒவ்வொன்றாய்
லீக்ஸை மட்டும் பொறுக்கி வைத்தேன்.
கரட்டும் இரண்டு துண்டு.
பையன் நகரவில்லை.
சாக்கின் நுனியிலிருந்து
வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது.
"சோயாவும் வைக்கச் சொன்னாரு, சார்."

வைத்தேன்.
கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்து
சாக்கை அதன்மேல் இழுத்து மூடி ஓடினான்,
தான் நனைந்துகொண்டு.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலால்
யாரோ உப்புப் போத்தலைத் தட்டும் சத்தம்.
நீ சிரித்தாய், புரையேறியது.
தண்ணீர் எடுக்க எழுந்தேன்.